இங்கே பிரதி எடுத்துத் தரப்படும்

1

கோரிப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு கல்லூரி வரும். மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி, அமெரிக்கன் கல்லூரி, பனகல் சாலையில் பெரியாஸ்பத்திரியை ஒட்டி மருத்துவக் கல்லூரி. இத்தனை கல்லூரிகள் இருக்கிற இடத்தில் புத்தகக் கடைகள் நிறைந்திருக்க வேண்டும். நிறைந்திருப்பவை ஜெராக்ஸ் கடைகள்.

நான் படித்ததும் இந்த வட்டாரத்தில்தான். எந்தக் கல்லூரி என்பது இங்கு முக்கியமில்லை. துறைத்தலைவர் ஒரு பாடநூல் எழுதியிருந்தார். வாங்காதவர்கள் எழுந்து நிற்க வேண்டும். ஒரு வாரம் நின்று பார்த்துவிட்டு, நண்பனின் புத்தகத்தோடு கடைக்குப் போனேன்.

"தம்பி, அட்டையும் சேத்தா?"

"அட்டை வேணாம்ணே. உள்ள மட்டும் போதும்."

"அப்பறம் யாரு எழுதுனதுன்னு எப்படித் தெரியும்?"

"அவரேதான் தினமும் வந்து நிக்கிறாருல்ல."

தமிழில் எழுதுகிறவருக்கும் கற்பிக்கிறவருக்கும் 'ஆசிரியர்' என்ற ஒரே சொல்தான். பதிப்புரிமைச் சட்டத்தில் இவர்கள் இரண்டு பேர். முதலாமவரின் பெயரால் பிரதி எடுப்பது தடுக்கப்படுகிறது; இரண்டாமவரின் பெயரால் அனுமதிக்கப்படுகிறது. இந்த இரண்டு ஆசிரியர்களுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருப்பவர் மாணவர்.

நம் சிறுபத்திரிகை உலகம் 'டெக்ஸ்ட்' என்பதைப் பிரதி என்று பெயர்த்தது. ஜெராக்ஸ் கடைப் பலகையில் இருப்பதும் அதே சொல். பார்த் 1967இல் எழுதிய ஆசிரியனின் மரணம் பற்றிய கட்டுரையையும், 1969இல் பூக்கோ 'ஆசிரியன் என்றால் என்ன' என்று கேட்டதையும் நம்மில் எத்தனை பேர் அசல் புத்தகத்தில் படித்தோம்? ஆசிரியன் இறந்த சேதியே ஓரம் கறுத்த ஜெராக்ஸில்தான் நமக்கு வந்து சேர்ந்தது. பிரதியின் அரசியல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். பிரதியின் விலை பற்றி எழுதினோமா?

2

டில்லியில் இது வழக்காயிற்று. 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸும் டில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கிய ராமேஸ்வரி என்ற சின்ன ஜெராக்ஸ் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டன. பாடத்திட்டத்தில் உள்ள அத்தியாயங்களைப் பல நூல்களிலிருந்து எடுத்துத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றது குற்றமாம். எந்த ஆசிரியர்களின் உரிமைக்காக வழக்காடுவதாகச் சொன்னார்களோ அவர்களிலேயே பலர் வழக்கை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். அமர்த்தியா சென்னும் வேண்டாம் என்று எழுதினார். இறந்த ஆசிரியன் எழுந்து வந்து, 'என் பெயரால் இதைச் செய்யாதே' என்றான். பதிப்பகங்கள் காதில் வாங்கவில்லை.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை இயற்கை தந்ததோ கடவுள் தந்ததோ அல்ல, சட்டம் தந்தது. தந்த சட்டமே 52(1)(i) பிரிவில் கற்பித்தலுக்கு விலக்கும் தந்திருக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். கையால் எழுதி எடுத்தால் குற்றமில்லை என்றால் இயந்திரத்தால் எடுப்பது மட்டும் எப்படிக் குற்றமாகும் என்றும் கேட்டார். டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தலின் தேவைதான் அளவுகோல் என்று இதை ஏற்று, சில கேள்விகளை மட்டும் மறுவிசாரணைக்கு அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

நல்ல தீர்ப்பு. நாமும் கொண்டாடினோம். கொண்டாட்டத்தில் ஒரு கேள்வி விடுபட்டுப் போயிற்று.

3

கேள்விக்கு முன்னால் கொஞ்சம் பழைய கணக்கு. பாடநூலின் விலையைக் காகிதமும் மையும் தீர்மானிப்பதில்லை. பனிப்போர்க் காலத்து மருத்துவ மாணவர்களைக் கேளுங்கள். இ.எல்.பி.எஸ். முத்திரை போட்ட தடித்தடியான அறுவை சிகிச்சை, மருத்துவ நூல்களைச் சொல்வார்கள். பிரிட்டிஷ் அரசு மானியம் கொடுத்து விலையைக் குறைத்த பதிப்புகள் அவை. பி.எல்.480 கோதுமைக் கணக்கில் சேர்ந்த ரூபாயில் அமெரிக்கப் பாடநூல்கள் மலிவாக அச்சாயின. மாஸ்கோவின் மீர் பதிப்பக அறிவியல் நூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் சில ரூபாய்க்கு வாங்கலாம். நம் மூளையைப் பிடிக்க மூன்று பேர் போட்டி போட்டார்கள், புத்தகம் மலிவாக இருந்தது.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. 1997இல் இ.எல்.பி.எஸ். திட்டம் முடிந்தது. போர் முடிந்ததும் தானமும் முடிந்தது. காலியான இடத்தைத்தான் ஜெராக்ஸ் இயந்திரம் நிரப்பியது. மலிவு விலை என்பது யாரோ தந்த சலுகையாகவே இருந்தது, நம் உரிமையாக ஒருபோதும் இருக்கவில்லை. டில்லித் தீர்ப்பு அதை உரிமை என்றது. அதன் பெருமை அதுதான்.

4

போன மாதம் அதே சாலையில் ஒரு கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு மாணவி. வரலாறு, தமிழ்வழி. வீட்டில் முதலாவதாகக் கல்லூரி வந்த பிள்ளை. அவர் நீட்டியது கோடு போட்ட நோட்டு, கையெழுத்து.

"புத்தகம் எடுக்கலையாம்மா?"

"புத்தகம் எங்க சார் இருக்கு? மேடம் சொன்னத எழுதுனதுதான். வராதவங்களுக்கு அஞ்சு செட்டு."

விடுபட்ட கேள்வி இதுதான். பிரதி எடுக்கும் உரிமை, பிரதி எடுக்க ஒரு பிரதி இருக்கிறவர்களுக்கே பயன்படும். டில்லியில் வென்ற மாணவர்கள் ஆங்கிலத்தில் படிக்கிறவர்கள். அவர்களுடைய புத்தகத்துக்கு ஒரு விலையாவது இருந்தது. கோரிப்பாளையத்து மாணவியின் புத்தகத்துக்கு விலையே இல்லை. ஏனென்றால் அது எழுதப்படவில்லை. இல்லாத புத்தகத்தைவிட விலை கூடிய புத்தகம் எது?

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1960இல் கோவை அரசு கலைக்கல்லூரியில் தமிழ்வழிக் கல்வி தொடங்கியது. 1968இல் இந்திய மொழிகளில் பல்கலைக்கழக நூல்கள் வெளியிட ஒவ்வொரு மாநிலத்துக்கும் 1 கோடி ரூபாய் என்று மத்திய அரசு திட்டம் வகுத்தது. 1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வந்தது. இயற்பியல், பொருளியல், உளவியல், உலக வரலாறு என்று கல்லூரி நூல்கள் நூற்றுக்கணக்கில் வெளியாயின. பல இன்று தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் அவை அரைநூற்றாண்டுக்கு முந்தைய அறிவு. சோவியத் ஒன்றியம் இன்னும் இருக்கிற வரலாற்றை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்ன பரீட்சை எழுதும்? மொழிப் பெருமிதத்தின் பெருங்கதையாடல் மேடையில் நடந்துகொண்டிருந்த காலமெல்லாம் பாடநூல் திருத்தப்படாமல் கிடந்தது. அந்த இடத்தில் 'கைடு' வந்து உட்கார்ந்தது.

5

வழி இல்லாமல் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 1983இல் ஒரு திருத்தம் செய்தார்கள். கற்பித்தலுக்குத் தேவையான வெளிநாட்டு நூல், வெளியாகி மூன்றாண்டுக்குள் நம் மொழியில் வராவிட்டால், உரிமம் கேட்டு மொழிபெயர்க்கலாம். வளர்ந்த நாடுகளில் பொதுவழக்கில் இல்லாத மொழி என்றால் ஓராண்டு போதும். உரிமையாளருக்கு உரிய தொகை உண்டு. மறுக்கும் அதிகாரம் இல்லை. இந்த வழியாகத் தமிழுக்கு வந்த ஒரு கல்லூரிப் பாடநூலையும் நான் பார்த்ததில்லை. கதவைத் தட்ட ஆளில்லை.

இன்னொன்று நம்முடைய மரபு. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துரிமையை வாங்கி, பின்னர் பொதுவுடைமை ஆக்கியது. அதன் பிறகு எத்தனையோ எழுத்தாளர்கள் நாட்டுடைமை ஆனார்கள். எழுதியவரின் குடும்பத்துக்குப் பணம், எழுத்து ஊருக்கு. கவிதைக்குச் செய்ததைப் பாடநூலுக்குச் செய்தால் என்ன? துறை அறிந்தவர்களுக்கு நியாயமான தொகையை முதலிலேயே கொடுத்துத் தமிழில் எழுத வையுங்கள்; எழுதியதை அன்றைக்கே பொதுவில் விடுங்கள்; ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்துங்கள். கோரிக்கை இவ்வளவுதான். மாணவர் அமைப்புகள் கட்டணத்துக்கு எதிராகத் தெருவில் நிற்கின்றன, சரிதான். புத்தகத்துக்காகவும் நிற்க வேண்டும்.

அரசை மட்டும் கேட்டுவிட்டு நாம் நழுவ முடியாது தோழர்களே. வரலாறு, சாதி, பெண்ணியம், நாட்டார் வழக்காறு என்று தமிழ்வழி மாணவருக்குப் பாடநூலுக்கு மேலே தேவைப்படுவதையெல்லாம் எழுதியிருப்பது நாம்தான். முதல் பதிப்பு முடிந்தால் மறுபதிப்பு வர வருஷங்கள் ஆகின்றன. முகப்பை அடுத்த பக்கத்தில் மட்டும் அனுமதியின்றிப் பிரதி எடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று விளக்குகிற நூலிலும் அதே வரி! என் புத்தகங்களிலும் அது இருக்கிறது. அந்த வரியால் எனக்குப் பத்து ரூபாய் கூட வந்ததில்லை.

அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிட்டு, வகுப்புக்கும் படிப்புக்கும் யார் வேண்டுமானாலும் முழுதாகவோ பகுதியாகவோ பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று போடச் சொல்லியிருக்கிறேன். பாரதியின் உரிமையை விடுவிக்க அரசாணை வேண்டியிருந்தது. நம்முடையதை விடுவிக்க ஒரு வரி போதும்.