ஒரத்தநாட்டுக் கல்தேரும் நள்ளிரவு மணியும்

காலேஜ் நண்பன் ஒருத்தன் போன மாசம் ஸ்காட்லாந்துக்குப் போய், கிராமப்புறத்தில் ஒரு பழைய பிரபு மாளிகையில் ரெண்டு ராத்திரி தங்கினான். மரப்படிக்கட்டு, கணப்பு, சுவரில் மான் தலை என்று வரிசையாக போட்டோ வந்தது. கடைசியில் ஒரு வரி: "மச்சி, உங்க ஊரு முத்தாம்பாள் சத்திரத்தையும் இப்படி ஹெரிட்டேஜ் ஹோட்டல் ஆக்கினா என்ன?"

கேள்வி நியாயமானதுதான். தஞ்சாவூர்–பட்டுக்கோட்டை ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காமலே கடந்துபோகும் கட்டடம் அது. இரண்டாம் சரபோஜி 1802-ல் கட்டியது. அடிப்பகுதியில் குதிரையும் யானையும் இழுக்கிற தேர் மாதிரி கல்லில் செதுக்கியிருப்பார்கள். பிறகு பள்ளிக்கூடமாகவும் மாணவர் விடுதியாகவும் இருந்தது. அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவர்களில் எங்கப்பாவும் ஒருத்தர்.

ஆனால் நண்பன் ஒரு இடத்தில் தவறுகிறான். ஸ்காட்லாந்து மாளிகை ஒரு குடும்பத்துக்காகக் கட்டின வீடு. வெளியாள் உள்ளே நுழைய முடியாது. பிற்காலத்தில் வாரிசு வரி, கூரைச் செலவு, வேலையாள் சம்பளம் எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரித்த பிறகுதான் பல குடும்பங்கள் கதவைத் திறந்து அறைகளை வாடகைக்கு விட்டன. டன்மோரில் அன்னாசிப்பழ வடிவில் கல்லில் கட்டிய ஒரு தோட்ட மண்டபம் இருக்கிறது, 1761-ல் கட்டியது. ஒரு பிரபுவின் விளையாட்டு. இன்றைக்கு லேண்ட்மார்க் டிரஸ்ட் மூலமாக யார் வேண்டுமானாலும் பணம் கட்டித் தங்கலாம். மூடியிருந்தது திறந்தது என்பதால் அது நல்ல மாற்றம்தான்.

நம்ம ஊரில் அதற்குச் சரியான ஜோடி செட்டிநாட்டு வீடுகள். கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் ஹோட்டல் ஆகியிருக்கின்றன. அதில் எனக்குக் குறையில்லை. சத்திரத்தின் கதை தலைகீழ். அது முதல் நாளிலிருந்தே முன்பின் தெரியாதவனுக்காகக் கட்டியது. ஒரு ராத்திரிக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் என்று பலகை மாட்டினால் அன்றைக்குத்தான் அது முதல்முறையாக மூடப்படும்.

இதைச் சொன்னால் உடனே ஒரு ஆதாரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 1801-ல் சரபோஜி, ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம். தஞ்சை பற்றி எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் பிடித்தது, எனக்கும்தான். பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் எல்லோருக்கும் சாப்பாடு, நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரச்சொல்லிக் கூப்பிடுவது, நோயாளிக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும், கைக்குழந்தைக்குப் பால், பிரசவம் ஆனவர்கள் மூன்று மாதம் தங்கலாம், அநாதைப் பிள்ளைகளுக்கு மூன்று வேளை சோறு, நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல், விரும்பிய படிப்பு, கல்யாணச் செலவு.

படிக்கும்போது கண் கலங்கும். கலங்கி முடித்ததும் தேதியைப் பாருங்கள். கடிதம் 1801. முத்தாம்பாள் சத்திரம் 1802. கடிதம் சொல்வது முன்னோர்கள் நிறுவிய மற்ற சத்திரங்களைப் பற்றி. ஒரத்தநாட்டுக் கட்டடத்தின் போட்டோவைப் போட்டு அதன் கீழே இந்தக் கடிதத்தை ஒட்டுகிற கட்டுரைகள் (என்னுடைய பழைய பதிவு ஒன்றும் சேர்த்தி) ஒரு வருஷம் பிசகுகின்றன. இந்தச் சத்திரத்திலும் அப்படியே நடந்திருக்கலாம்; அதற்கு இந்தக் கடிதம் சாட்சி ஆகாது.

இரண்டாவது சிக்கல், இது ஒரு மனு. 1799 உடன்படிக்கையில் நாட்டின் ஆட்சி கம்பெனிக்குப் போய்விட்டது. சத்திர நிலங்களின் வருமானமும் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவர் தன் தர்மத்தைக் குறைத்தா எழுதுவார்? எங்க தொழிலில் சொன்னால் இது ப்ரோஷர், லாக் ஃபைல் இல்லை.

மூன்றாவது, ஒரு சின்ன விவரம். சமைத்த சோறு வேண்டாம் என்கிறவர்களுக்கு அரிசியும் மளிகையும் தனியாகக் கொடுப்பார்கள் என்று கடிதமே சொல்கிறது. ஒரே அடுப்பில் வெந்ததை எல்லோரும் சாப்பிடமாட்டார்கள் என்பது அதற்குள் இருக்கிறது. எல்லோரும் வரலாம், எங்கே உட்கார்ந்தார்கள் என்பதைப் பற்றிக் கடிதம் பேசவில்லை. அந்த அரிசியை விளைவித்தவர்கள் பற்றியும் பேசவில்லை. டெல்டாக்காரனுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. சத்திரத்துக்கு விட்ட கிராமங்களில் நாற்று நட்டவர்களுக்கும் அந்த மணி கேட்டதா?

இவ்வளவையும் கழித்த பிறகும் மிஞ்சுவது கணிசம். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் கண்ணந்தங்குடியில் ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகள் 50 பேரின் படிப்புக்குச் சரபோஜி ஏற்பாடு செய்தார் என்று மிஷனரிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். இது மன்னர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதில்லை என்பதால் எனக்குக் கூடுதல் நம்பிக்கை. முத்தாம்பாள் விஷயமும் அப்படி. முறைப்படி பட்டத்து ராணி ஆகாத ஒரு பெண், சாகும் தறுவாயில் தன் பேரில் ஒரு சத்திரம் வைக்கச் சொன்னாள் என்பது கதை. கதையை விடுங்கள், அந்தப் பேர் ஊருக்கே முத்தாம்பாள்புரம் என்று ஒட்டியதே.

உண்மையான லாக் ஃபைல் மோடி ஆவணங்கள்தான். கே. எம். வேங்கடராமையா அவற்றைக் கொண்டு எழுதிய பெரிய புத்தகம் தமிழ்ப் பல்கலைக்கழக வெளியீடாக 1984-ல் வந்தது. சத்திரத்தைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் கடிதத்தை வைத்துவிட்டு இந்தப் பக்கம் வரவேண்டும். எத்தனை கலம் அரிசி, யாருக்கு என்ன சம்பளம் என்பதெல்லாம் கணக்குப்பிள்ளை எழுதினதில்தான் தெரியும். ராஜா எழுதினதில் தெரியாது.

நண்பனுக்கு இதையெல்லாம் நீளமாக டைப் பண்ணி அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "சரிடா, ஒழுகுற கூரைக்கு யார் காசு கொடுப்பா?"

அதுக்கு என்னிடம் பாதி பதில்தான் இருக்கு. சத்திரங்களுக்கு எழுதிவைத்த நிலங்கள் இன்றும் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அந்தக் குத்தகையில் சுண்ணாம்புக்கும் தேக்குக்கும் எவ்வளவு ஒதுக்கலாம் என்று யாராவது கணக்குப் போட்டால், வெளியூரிலிருந்து வந்து படிக்கிற பிள்ளைகளுக்கு அங்கே மறுபடி ஒரு விடுதி நடத்த முடியுமா என்று பார்க்கலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது தாலுகா ஆபீஸில் கேட்பதாக இருக்கிறேன்.