விழாவில் பிறந்து நூலகத்தில் பெயர் பெற்றவை

ஒலிம்பியாவில் வென்ற வீரன் ஊர் திரும்பும்போது அவனுக்கு ஒரு பாட்டு வேண்டும். கவிஞர் பிண்டாரிடம் ஆள் போகும், கொடை பேசி முடிப்பார்கள், ஒரு குழு அதைப் பாடி ஆடப் பழகும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் 'எபினிகியன்' என்ற வெற்றிப்பாட்டு அப்படித்தான் பிறந்தது. டயோனிசஸ் வழிபாட்டுக்கு 'டிதிரம்ப்', அப்பொலோவுக்குப் 'பையான்', மணவீட்டுக்கு 'ஹைமெனயஸ்', சாவு வீட்டுக்குத் 'திரேனஸ்'. எங்கே, எதற்காகப் பாடுகிறார்கள் என்று தெரிந்தால் போதும், பாட்டின் வகையும் தெரிந்துவிடும்.

'எலிஜி' என்பதைத் தமிழில் இரங்கற்பா என்கிறோம். பழைய கிரேக்கத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. அறுசீர் அடி ஒன்று, அதைவிடக் குறுகிய அடி ஒன்று என இணைந்து வரும் யாப்புக்கே அங்கே எலிஜி என்று பெயர். சீவாளி வைத்த இரட்டைக் குழலின் துணையோடு, மது விருந்துகளில் அதைப் பாடினார்கள். கவிஞர் டிர்டேயஸ் அதே யாப்பில் ஸ்பார்ட்டா வீரர்களைப் போருக்கு ஏவினார்; சோலோன் ஏதென்ஸ் அரசியலைப் பேசினார்.

இனி காப்பியம்; ஹோமருக்கு வருவோம். ஹோமர் ஆய்வாளர் மில்மன் பாரி 1933 முதல் 1935 வரை யுகோஸ்லாவியாவில் எழுத்தறியாத பாடகர்களின் நெடும்பாடல்களை ஒலிப்பதிவு செய்தார். வாய்ப்பாடுபோல் திரும்பத் திரும்ப வரும் தொடர்களைக் கொண்டு பாடகன் மேடையிலேயே பாட்டைக் கட்டுகிறான் என்பதை அவற்றில் கண்டார். இலியட், ஒடிசி இரண்டும் அத்தகைய மரபிலிருந்து வந்தவை என்ற அவருடைய முடிவு காப்பிய ஆய்வின் திசையையே மாற்றியது. கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் பர்மிங்காமில் பயின்ற க. கைலாசபதி, அந்த முறையைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தித் தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1968இல் வெளிவந்தது.

நாடகத்தின் கதை இதைவிடச் சுவையானது. 'ட்ராகோடியா' என்றால் ஆட்டுப் பாட்டு. ஆடு பரிசா, பலியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. டிதிரம்ப் பாட்டை முன்னின்று நடத்தியவர்களிடமிருந்து துன்பியல் நாடகம் கிளைத்தது என்கிறார் அரிஸ்டாட்டில். இரண்டாம் நடிகரைக் கொண்டுவந்தவர் ஈஸ்கிலஸ், மூன்றாமவரைச் சேர்த்தவர் சோபக்ளிஸ் என்பதும் அவர் சொல்வதே. இரண்டு நடிகர்கள் நேருக்கு நேர் நின்றதும், குழுப்பாட்டுக்குள் மோதல் நுழைந்தது. நாடகம் என்ற வடிவம் உண்மையில் அங்கேதான் உயிர்பெற்றது எனலாம். முழுமையாகக் கிடைத்தவற்றில் மிகப் பழையது ஈஸ்கிலஸின் 'பாரசீகர்' (கி.மு. 472). எட்டே ஆண்டுகளுக்கு முன் நடந்த சலாமிஸ் கடற்போரைத் தோற்றவர்களின் அரண்மனையிலிருந்து காட்டும் நாடகம் அது.

ஏதென்ஸ் விழாவில் ஒவ்வொரு கவிஞரும் மூன்று துன்பியல் நாடகங்களுக்குப் பிறகு ஒரு சாட்டிர் நாடகமும் தர வேண்டும். பாதி மனிதரும் பாதி விலங்குமான சாட்டிர்கள் கும்மாளமிடும் இந்த வகையில் முழுதாக எஞ்சியது யூரிப்பிடிஸின் 'சைக்ளோப்ஸ்' ஒன்றே.

விழாக்காலம் கடந்து, சுருள்கள் அலெக்சாந்திரியா நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே அறிஞர் கலிமாக்கஸ் 120 சுருள்களில் ஓர் அட்டவணை தயாரித்தார். பிண்டாரின் பாடல்கள் வகைவாரியாக 17 சுருள்களாயின. அப்போதுதான் சிக்கலும் வந்தது. கவிஞர் பாக்கிலிடிஸின் ஒரு பாடலைப் பையான் என்று கலிமாக்கஸ் வகுத்தார். இல்லை, டிதிரம்ப் என்றார் இன்னோர் அறிஞரான அரிஸ்டார்க்கஸ். பாடிய நாளில் யாருக்கும் எழுந்திருக்க முடியாத ஐயம் இது.

ரோமுக்கு இந்தக் கிரேக்க வகைகள் பெரும்பாலும் எழுத்தாகவே வந்தன. கி.மு. 240இல் ரோமானிய விழாவில் கிரேக்க நாடகத்தை லத்தீனில் மேடையேற்றிய லிவியஸ் ஆண்ட்ரோனிகஸ் ஒடிசியையும் மொழிபெயர்த்தார். அங்கதம் மட்டும் முழுக்கத் தங்களுடையது என்று ரோமானிய அறிஞர் குவின்டிலியன் உரிமை கொண்டாடினார். 'சடுரா' என்ற அதன் பெயரைப் பலவகைப் பண்டம் நிறைந்த தட்டோடு தொடர்புபடுத்துவார்கள். வடிவம் கையில் நூலாக இருந்ததால் ரோமானியர் அதை வைத்து விளையாடவும் துணிந்தார்கள். காப்பியம் எழுத உட்கார்ந்தபோது காமதேவன் இரண்டாம் அடியில் ஒரு சீரைத் திருடிவிட்டதால் தன் பாட்டு காதல் எலிஜி ஆனதாக ஓவிட் கதை கட்டுகிறார்.

உரைநடையில் எழுந்த நெடுங்காதல் கதைக்கோ அன்று தனிப்பெயரே நிலைக்கவில்லை. கிரேக்கத்தில் அத்தகைய கதைகள் ஐந்து முழுமையாகக் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றை எழுதிய காரிட்டன், தன் பெயரையும் அஃப்ரோடிசியாஸ் என்ற ஊரையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போகிறார். இதேபோல் பெயரும் ஊரும் சொல்லித் தன் வரலாற்று நூலைத் தொடங்கியவர் ஹெரோடோட்டஸ்; தனிப்பெயர் இல்லாத கதை, வரலாற்றின் தொடக்கத்தை இரவல் வாங்கிக்கொண்டது எனலாம்.