விஷத்தைத் தின்னும் பாக்டீரியாவா?

'ஆர்சனிக்கைத் தின்று நீரைச் சுத்தமாக்கும் பாக்டீரியா' என்ற ரீதியில் வரும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடல். தின்கிறதா, துப்புகிறதா?

ஈ.கோலை பாக்டீரியாவில் ஆராயப்பட்ட ஆர்773 பிளாஸ்மிடையே பார்ப்போம். ஆர்சனேட் அச்சு அசல் பாஸ்பேட் மாதிரி இருப்பதால், பாஸ்பேட்டுக்கான வாசல் வழியாகவே செல்லுக்குள் புகுந்துவிடும். உடனே ஆர்ஸ்-சி என்ற நொதி அதை ஆர்சனைட்டாக மாற்றுகிறது. வேடிக்கை என்னன்னா, ஆர்சனைட் அதைவிடக் கொடிய விஷம்! அப்புறம் ஏன் மாற்றணும்? சவ்வில் இருக்கும் ஆர்ஸ்-பி என்ற கடத்துப் புரதம் ஆர்சனைட்டைத்தான் வெளியே தள்ளும். ஆர்ஸ்-ஏ ஏடிபியைச் செலவழித்து அந்தப் பம்புக்கு விசை தருகிறது.

ஆக, செல் பிழைத்தது. விஷம் வாசலுக்கு வெளியே, முன்பைவிட மோசமான வடிவில் கிடக்கிறது. சாதாரண நீரில் மின்னூட்டம் இல்லாததால் வடிகட்டியிலும் சரியாக ஒட்டாது. ஆர்சனிக் ஒரு தனிமம். அதைச் செரித்து இல்லாமல் ஆக்க எந்த உயிராலும் முடியாது.

ஆர்சனைட்டைத் திரும்ப ஆர்சனேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களும் உண்டு. வடிகட்டலுக்கு உதவுபவை அவைதான். தாக்குப்பிடிப்பது வேறு, துப்புரவு வேறு. வங்கதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் குழாய்க்கிணற்று நீரைக் குடிப்பவர்களுக்கு இது வெறும் சொல் பிழை இல்லை.