தீண்டாத தாளே நீராக: குளோத் லொரேனின் ஆற்றங்கரைகள்

பிரெஞ்சு நிலக்காட்சி ஓவியம் என்றதும் மோனேயும் அவருடைய சேன் நதியும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒற்றை மையைக் கொண்டு ஆற்றங்கரையின் ஒளியைப் பிடித்தவர் குளோத் லொரேன். லொரேன் பகுதியில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை ரோமில் கழித்து, 1682இல் அங்கேயே மறைந்தவர். போப்பாண்டவர் எட்டாம் உர்பானுக்கும் ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்புக்கும் அவர் தீட்டிய தைல ஓவியங்களே இன்றும் அதிகம் பேசப்படுகின்றன. ஆனால் அவருடைய கை முழுச் சுதந்திரத்தோடு இயங்கியது, மையை நீரில் கரைத்துத் தூரிகையால் தீட்டும் வாஷ் படங்களில்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, 1640ஐ ஒட்டி வரைந்த, மோன்தே மாரியோ குன்றிலிருந்து தெரியும் டைபர் நதிக் காட்சியைப் பாருங்கள். பேனாக் கோட்டை நம்பாமல் தூரிகையால் தீட்டியது. முன்புறம் கரும்பழுப்பாக அடர்ந்து கிடக்கிறது. அதைத் தாண்டிய சமவெளியில் மை வெளிறிக்கொண்டே போய்த் தொலைமலைகளில் கரைந்துவிடுகிறது. நடுவில் வளைந்தோடும் ஆறு பெரும்பாலும் தூரிகை படாத தாள். சுற்றிலும் இருட்டை அளந்து வைத்ததால் அந்த வெறுமை நீராக மின்னுகிறது. தைலத்தில் தவறினால் மேலே இன்னொரு பூச்சு பூசலாம். வாஷில் ஈரம் காய்வதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். எங்கே தீட்டாமல் விடுவது என்பதைத் தொடங்கும்போதே தெரிந்து வைத்திருந்த கை இது. விடியுமுன் வெளியில் கிளம்பி இருட்டும்வரை வானத்தையே கவனித்துக் கிடப்பார் என்று அவருடைய ஜெர்மானிய ஓவிய நண்பர் ஸாண்ட்ரார்ட் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பழக்கத்தின் பலன் இந்தப் படம்.

தம் ஓவியங்களுக்குப் போலிகள் பெருகியதால், விற்ற படங்களின் நகலை அவர் ஒரு தொகுப்பில் வரைந்து வைத்துக்கொண்டார். ‘லிபெர் வெரிதாதிஸ்’ எனப்படும் அதில் 195 வரைபடங்கள். 1777இல் ரிச்சர்ட் எர்லம் செதுக்கிய அச்சுப் படங்களாக அவை வெளிவர, அந்த முன்மாதிரியில்தான் ஆங்கில ஓவியர் டர்னர் 1807இல் தம் ‘லிபெர் ஸ்டூடியோரும்’ வரிசையைத் தொடங்கினார்.

பிரான்சிலும் குளோத்தின் இந்த வாஷ் வழி அறுந்துபோகவில்லை. ரைன் கரைக் கோட்டைகளை மையால் இருட்டடித்த எழுத்தாளர் விக்தோர் யூகோவை இங்கே சேர்ப்பதில் எனக்குத் தயக்கமில்லை. அவரிடம் நாடகம் அதிகம். குளோத்தின் பொறுமை இல்லை.

அக்காலத்து மைகளில் இரும்பு கலந்த வகை நாளடைவில் தாளையே அரிக்கும். வெளிச்சம் பட்டால் தாளும் கெடும். ஆகவே இத்தகைய படங்கள் சுவரில் தொங்குவது அபூர்வம். லண்டன் போகும் வாய்ப்புள்ளவர்கள் அருங்காட்சியகத்தின் வரைபடப் பிரிவுப் படிப்பறையில் முன்பதிவு செய்து, டைபர் காட்சியைக் கேட்டுப் பாருங்கள்.