அவசர சிகிச்சையும் ஆகார உபதேசமும்

மார்வலி என்றும் மயக்கம் என்றும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கி வரப்பட்டவர், அபாயம் இல்லையென்று தெளிந்து எழுந்து உட்காரும் அந்த வேளையிலேயே, அவருடைய ஆகாரத்தையும் தேக உழைப்பையும் பற்றி வைத்தியர் எடுத்துச் சொல்லிவிட வேண்டும் என்னும் கொள்கையை இன்று பலர் ஆதரிக்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமலில்லை.

இந்த உபதேசத்துக்கு இலக்காகும் பிணி இன்னதென்று முதலில் பார்ப்போம். இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, டிரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு என்னும் ஐந்தில் மூன்று பிறழ்ந்திருப்பதையே வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதி என்கிறார்கள். இடுப்பு ஆண்களுக்கு 90 செ.மீ.க்கும் பெண்களுக்கு 80 செ.மீ.க்கும் மேற்படுவதே நம்மவருக்கு எச்சரிக்கை என்று வகுத்திருக்கிறார்கள். ஆயினும் வலியோ காய்ச்சலோ தராத இந்தப் பிணிக்காக எந்தக் கூலித் தொழிலாளி ஒருநாள் சம்பளத்தை இழந்து ஆஸ்பத்திரி வாசலில் காத்து நிற்பார்? விபத்தோ மார்வலியோ அவரைக் கொண்டுவந்து சேர்க்கும் அந்த ஒரு நாளே வைத்தியத்துக்கு வாய்க்கும் சந்தர்ப்பம். மரண பயம் தொட்டுச் சென்ற மனம் சொன்னதைக் கேட்கவும் செய்யும்.

எனினும், வலியும் பீதியும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாமே உயர்த்திவிடும் ஆதலால், அவ்விடத்தில் எடுத்த ஓர் அளவை மட்டும் நம்பி ஒருவரை நோயாளி என்று முத்திரையிடுவது தகாது. இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. வாழ்க்கைமுறை மாற்றத்தின் மகிமைக்குச் சான்றாகக் காட்டப்படுபவை, நீரிழிவின் விளிம்பில் நின்றவர்களுக்கு அந்நோய் வரும் வாய்ப்பை 58 சதவீதம் குறைத்ததாக 2002-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியும், 28.5 சதவீதம் குறைத்ததாகச் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியுமே. முன்னதில் ஒவ்வொருவருக்கும் 16 பாடங்கள் நடத்தினார்கள். பின்னதில் மாதக்கணக்கில் தொடர்பு விடாமல் விசாரித்து வந்தார்கள். பலன் தந்தது இந்த விடாத விசாரணையே. அதன் புகழை, கூட்டமும் கூக்குரலும் நிறைந்த ஓரிடத்தில் ஐந்து நிமிஷம் பேசிய உபதேசத்துக்கு உரிமையாக்குவது தர்க்கத்துக்கு ஒவ்வாது. மேலும், வீட்டில் சமைப்பவரை வெளியே நிறுத்திவிட்டு, உண்பவரிடம் மட்டும் சோற்றைக் குறைக்கச் சொல்வதால் என்ன பிரயோஜனம்?

ஆகவே, தொடர்ந்து கவனிக்க ஆளில்லாத இடத்தில் இவ்வழக்கம் வீண் என்பதே என் அபிப்பிராயம். தமிழ்நாட்டிலோ அந்தக் குறைக்கு இடமில்லை; 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுத்து வருகிறார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் கண்ட அளவுகளைச் சீட்டில் எழுதி, நோயாளியின் ஊரிலுள்ள அந்த ஊழியரிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பை ஆஸ்பத்திரிகள் ஏற்கும்படி சுகாதார அதிகாரிகளை வேண்டுகிறேன்.