முல்லைத்தீவுக் கூழ்

நந்திக்கடல் இறால் கிடைத்த நாளில் கூழ் காய்ச்சாமலிருக்க மனம் வராது. பெரிய பானையில் மீன்தலை, நண்டு, இறால், பயிற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, ஒரு பிடி அரிசி எல்லாம் ஒன்றாக அவியும். ஆனால் கூழுக்கு உயிர் ஒடியல் மாதான். பனங்கிழங்கை அவிக்காமல் பிளந்து காயவைத்தால் ஒடியல்; அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை ஊற்றிவிட வேண்டும். அதோடு கைப்பும் போகும். பிறகு பழப்புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்த்துக் கரைத்து, கொதிக்கும் பானையில் விட்டுத் துழாவக் கூழ் தடிக்கும். முருங்கையிலை கடைசியில்.

பிரஷர் குக்கரில் கிழங்கும் கொட்டையும் விரைவாக அவியும், உண்மைதான். மாக்கரைசலை அதில் மூடி வைத்தால் அடிப்பிடிக்கும். திறந்த பானையில், அகப்பையை எடுக்காமல் துழாவுங்கள். பிலாவிலையைக் கோலிச் சுடச்சுடக் குடியுங்கள்.