ஆறு சதவீதம் என்பது எவ்வளவு சத்தம்?

ராத்திரி பதினொரு மணிக்கு மேலதான் எனக்கு ஆராய்ச்சி நேரம். பழைய கேசட்டிலிருந்து மாற்றிய பேட்டிகளைக் கேட்டுக் குறிப்பெடுப்பேன். பக்கத்து அறையில் பையன் தூங்குவான். லினக்ஸில் க்னோம் டெஸ்க்டாப். வால்யூம் கீயை ஒரு தட்டு தட்டினால் ஒன்றும் கேட்காது. இரண்டாவது தட்டில் பையன் புரண்டு படுப்பான். நடுவில் எதுவுமே இல்லை. ஸ்பீக்கர்தான் கோளாறு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

கோளாறு கணக்கில் இருக்கிறது. க்னோமில் தட்டுக்கு 6 சதவீதம் என்று வைத்தே தருகிறார்கள். பல்ஸ்ஆடியோவும் பின்னால் வந்த பைப்வயரும் இந்தச் சதவீதத்தின் மும்மடியைத்தான் அலைவீச்சாக எடுத்துக்கொள்கின்றன. 50 என்று காட்டினால் அலைவீச்சு பாதி இல்லை, எட்டில் ஒரு பங்கு. அதாவது உச்சத்துக்கு 18 டெசிபெல் கீழே. காதுக்கு இது நேர்க்கோட்டைவிட மேல்தான், மறுக்கவில்லை. ஆனா கீழ்ப்பக்கம் கணக்குப் போட்டுப் பாருங்க. 94-லிருந்து 100-க்குப் போனால் 1.6 டெசிபெல். 6-லிருந்து 12-க்குப் போனால் 18 டெசிபெல்! 10 டெசிபெல் கூடினாலே சத்தம் ஏறக்குறைய இரு மடங்காகத் தோன்றும் என்பார்கள். அதே கீ, அதே ஒரு தட்டு.

வால்யூமைச் சட்டென்று மாற்றும் வழிகளை நாம் தட்டுகளின் எண்ணிக்கையை வைத்தே மெச்சுகிறோம்: கீபோர்டு, ஐகான் மேல் மவுஸ் சக்கரம், டெர்மினல். எனக்கு அந்த அளவுகோலே தப்பாகப் படுகிறது. வேண்டிய சத்தத்தில் போய் நிற்க முடியாத வேகம் எதுக்கு?

ஷிஃப்டோடு சேர்த்துத் தட்டினால் படி சின்னதாகும். இது க்னோமில் ரொம்ப காலமாக இருந்தும் திரையில் எங்கேயும் சொல்லமாட்டார்கள். டெர்மினல் பக்கம் குழப்பம் வேறு மாதிரி. அல்சாமிக்ஸர் காதுக்கு ஏற்ப மாற்றிய சதவீதத்தைக் காட்டும். அதன் உடன்பிறப்பு ஏமிக்ஸர், பெரிய எம் கொடுக்காவிட்டால், கார்டின் கச்சா எண்ணை வைத்துக் கணக்கிடும். ஒரே கார்டு, ஒரே நொடி, இரண்டு எண்.

கடைசியில் நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். கூட்டுவதற்குப் பதில் 1.12-ஆல் பெருக்கும். எங்கே தட்டினாலும் சுமார் 3 டெசிபெல். அதிலும் ஒரு சிக்கல்: வயர்பிளம்பரோடு வரும் டபிள்யூபிசிடிஎல் கட்டளை இப்போதைய அளவை இரண்டு தசமத்துக்குத்தான் சொல்லும். 4 சதவீதத்துக்கு வந்ததும் பெருக்கினாலும் வகுத்தாலும் திரும்ப 0.04 என்றே வாசித்து, அங்கேயே மாட்டிக்கொண்டது. இப்போ உண்மையான மதிப்பைத் தனியாக ஒரு ஃபைலில் வைத்திருக்கிறேன். 6-லிருந்து உச்சத்துக்குப் போக 25 தட்டு ஆகிறது, பகலில் அலுப்புதான். அதுக்கு மவுஸ் சக்கரத்தைப் பழையபடியே விட்டுவிட்டேன்.